மேடு அதிகம், வீடு குறைவு

ஆலி என்றால் பழந்தமிழில் மழைத்துளி.
பஹ்ரைனில் அது ஓர் ஊர்.
ஊர் நிறைய மண்மேடுகள்,
மேட்டுக்குள் கல்லறை,
கல்லறைக்குள் ஒருக்களித்து முழங்கால் மடக்கிய எலும்பு,
நாலாயிரம் வருஷமாகக் குளிர்கிற மாதிரி.

வேனை நிழலாகப் பார்த்து நிறுத்தினேன்.
ஈசா டவுன் சிக்னலில் பின்சீட்டில் தொடங்கிய சண்டை
இன்னும் ஓயவில்லை.

டென்மார்க்கிலிருந்து வந்த பெரியவர் ஹென்னிங்,
தன் ஆசிரியரின் ஆசிரியர் சொன்னதை
முழுசாக நம்பவுமில்லை, விடவுமில்லை:
இத்தனை சாவுக்கு இந்தத் தீவில் ஏது இத்தனை வீடு?
எங்கிருந்தோ படகில் ஏற்றிவந்து
புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
புண்ணிய மண். பிணங்களின் துறைமுகம்.

டாக்டர் பத்ரியா சிரிக்கவில்லை.
வீட்டைத் தேடாதவர்கள் கட்டிய கதை அது.
மேட்டுக்கு மம்பட்டி போட்டீர்கள்,
உங்களுக்கு முன்னால் திருடர்கள் போட்டார்கள்.
பேரீச்சமட்டைக் குடிசைக்கு யார் போட்டது?
மேடுகளை எண்ணி, வருஷங்களால் வகுத்துப் பாருங்கள்.
சுமாரான ஒரு பட்டணத்துக்கு அது சாதாரணச் சாவு.

வகுத்தல் சான்றாகாது என்றார் அவர்.
காணோம் என்பது மட்டும் சான்றா என்றார் இவர்.

ஏசியைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன்.

சரி, பல்லைக் கேட்போம் என்றார் பெரியவர் கடைசியில்.
சின்ன வயசில் குடித்த தண்ணீர்
பல்லின் மேற்பூச்சில் தங்கிவிடுமாம்.
சாகும்வரை மாறாதாம். செத்த பிறகும்.

இதே வேனில்தான் போன செவ்வாய்
தவசிக்கனியின் காகிதங்களோடு அலைந்தேன்,
சல்மானியா ஆஸ்பத்திரி, தூதரகம், மறுபடி ஆஸ்பத்திரி,
முஹர்ரக்கில் சரக்குப் பிரிவு.
பெட்டியோடு நூற்றுப் பதினேழு கிலோ. திருவனந்தபுரம்.
காரணம்: இதயம் நின்றது.
நிற்காமல் யாருக்குச் சாவு வந்தது?
ஃபோர்மேன் ஒரு நேரம் சொன்னான்,
கேம்ப் வாட்ச்மேன் இன்னொன்று,
நேர அட்டையில் மூன்றாவது.
மூன்றையும் ஒரே கவரில் போட்டு ஒட்டியது நான்தான்.
எச்சில் தொட்டு.

இன்னொரு நாலாயிரம் கழித்து
ஒரு ஹென்னிங்கும் ஒரு பத்ரியாவும் வந்து
எங்கள் கேம்பைத் தோண்டினால்
கட்டில் கால், கட்டில் கால், கட்டில் கால்,
மீன் டப்பா, அடி கறுத்த அலுமினியம்,
ஒரே பூட்டுக்குப் பன்னிரண்டு சாவி.
படுக்கை இத்தனை, குழி ஒன்றுகூட இல்லையே என்பார்கள்.
பருவத்துக்கு வந்துபோன விருந்தாளிகள், ஒருவர் எழுதுவார்.
பிணத்தைத் தீட்டென்று தூர எறிந்தவர்கள், இன்னொருவர்.
சாகாவரம் பெற்றவர்கள் என்று எழுதினாலும்
அதற்கும் ஓர் அடிக்குறிப்பு இருக்கும்.

சாட்சி சொல்ல நான் இருக்க மாட்டேன்.
ஆனால் ரெண்டு வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை
மனாமாவில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான் தவசிக்கனி.
பஞ்சில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.
நாற்பத்தொரு வயசுக்காரன்
பால்பல் விழுந்த பையன் மாதிரி
கூரையைப் பார்த்து வீசினான்.
தகரத்தில் டிங்கென்றது. உருண்டு திரும்பவில்லை.
வீங்கின வாயோடு என்னவோ சொல்லிச் சிரித்தான்,
யாருக்கும் புரியவில்லை.

ஓட்டப்பிடாரத்து உப்புத்தண்ணீர் இருக்கிறது அதில்.
எங்கிருந்து வந்தான் என்பதை அது சொல்லிவிடும்.
எங்கே போனான் என்பதற்கு
அவர்கள் சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும்.

கதவு திறக்கும் சத்தம்.
பத்ரியா மேட்டைச் சுற்றி இடப்பக்கம் நடந்தார்,
ஹென்னிங் வலப்பக்கம்.
வெயிட்டிங் சார்ஜுக்காக நேரம் குறித்தேன்:
பதினொன்று பத்து.
இந்த வேன் கடிகாரம் ஏழு நிமிஷம் வேகம்.